முதல் அடியில் தப்பியவரைச் சாய்க்கும் 2-வது அடி! இலவச மாத்திரையை ராயகிரி கூலித் தொழிலாளி நிறுத்துவது ஏன்?

ராயகிரி-

பக்கவாதம் முதல் தடவை யார் வீட்டுக்கு வேண்டுமானாலும் வரும். மாடி வீட்டுக்கும் வரும், ஓட்டு வீட்டுக்கும் வரும். ஆனால் இரண்டாவது தடவை அது வீடு பார்த்து வருகிறது!

மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறவர் வீட்டு வாசலில் இருந்து பெரும்பாலும் திரும்பிப் போய் விடுகிறது. மாத்திரையை நிறுத்தியவர் வீட்டுக்குள் புகுந்து விடுகிறது. நிறுத்துகிறவர் யார்? அன்றாடம் வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும் என்ற நிலையில் இருப்பவர்தான்.

மாத்திரையோ அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். கைநீட்டினால் கிடைக்கும். பிறகு ஏன் நிறுத்துகிறார்கள்?

இதுபற்றிய விவரம் வருமாறு:-

மலை அடிவாரம்

தென்காசி மாவட்டம் சிவகிரி தாலுகாவில், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இருக்கிறது ராயகிரி பேரூராட்சி. நெல், கரும்பு, தென்னை, எலுமிச்சை என்று சுற்றிலும் விவசாயம். நிலம் உள்ளவர் கொஞ்சம் பேர். அந்த நிலத்தில் கூலிக்குப் போகிறவர் நிறையப் பேர்.

2019-ம் ஆண்டு நவம்பர் 22-ந் தேதி நெல்லை மாவட்டத்தில் இருந்து பிரிந்து தென்காசி தனி மாவட்டம் ஆனது. மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரி தென்காசியில் இருக்கிறது. ராயகிரியில் இருந்து 40 கிலோ மீட்டருக்கு மேல் போக வேண்டும். நெல்லை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி பாளையங்கோட்டையில் இருக்கிறது. அது 80 கிலோ மீட்டருக்கு மேல். பக்கத்தில் உள்ள பெரிய ஊர் ராஜபாளையம். அது விருதுநகர் மாவட்டம். அதற்கும் 20 கிலோ மீட்டர் தாண்ட வேண்டும்.

இந்தத் தூரக் கணக்கு எதற்கு என்றால், பக்கவாதத்தில் தூரமும் ஒரு வியாதி!

நிமிடத்துக்கு 19 லட்சம்!

“கை, கால் விழுந்துட்டு” என்று ஊரில் சொல்வார்கள். உண்மையில் அடி விழுவது கையிலோ காலிலோ அல்ல, மூளையில். மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அடைத்துக் கொள்வது ஒரு வகை. குழாய் வெடித்து ரத்தம் கசிவது இன்னொரு வகை. அடைப்புதான் அதிகம் பேருக்கு வருவது.

பெரிய ரத்தக் குழாய் அடைத்துக் கொண்டால், ஒவ்வொரு நிமிடமும் 19 லட்சம் மூளை நரம்பு செல்கள் சாகின்றன என்று 2006-ல் கணக்கிட்டுச் சொன்னார்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசி இருக்கிறது. ஆனால் அடி விழுந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கும் முன்பாக ஸ்கேன் எடுத்து, அடைப்பா, ரத்தக் கசிவா என்று பார்த்தாக வேண்டும்.

ராத்திரி 2 மணிக்கு அடி விழுகிறது. “விடியட்டும், பஸ்சுல கூட்டிட்டுப் போவோம்” என்று வீட்டில் சொல்கிறார்கள். நாலரை மணி நேரம் அங்கேயே முடிந்து விடுகிறது. 2008-ம் ஆண்டு செப்டம்பர் முதல் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. காசு கிடையாது. போன் செய்தால் வரும். ஆனாலும் விடியட்டும் என்று காத்திருக்கும் வீடுகள் இன்றும் இருக்கின்றன.

ஒரே ஊர், இரண்டு பேர்

இப்போது ஒரே ஊரில் இரண்டு பேரை எடுத்துக் கொள்வோம். ஒருவர் தோப்பு வைத்திருப்பவர். இன்னொருவர் அந்தத் தோப்பில் வேலை பார்ப்பவர். இருவருக்கும் ஒரே வயது. இருவருக்கும் பக்கவாதம் வந்து, இருவரும் பிழைத்து விட்டார்கள் என்று வைத்துக் கொள்வோம். இருவருக்கும் டாக்டர் எழுதிக் கொடுப்பது ஏறக்குறைய ஒரே சீட்டுதான்.

ரத்தம் உறைந்து கட்டிக் கொள்ளாமல் இருக்க ஒரு மாத்திரை. கொழுப்பு படியாமல் இருக்க ஒரு மாத்திரை. ரத்தக்கொதிப்புக்கு ஒன்றோ இரண்டோ. சர்க்கரை இருந்தால் அதற்கும் மாத்திரை. ரத்தக் கசிவு வந்தவர் என்றால் சீட்டு வேறு மாதிரி இருக்கும். “ஆயுசுக்கும் சாப்பிடணும்” என்று சொல்லி அனுப்புவார்கள்.

தோப்புக்காரர் வீட்டில் ரத்தக்கொதிப்பு பார்க்கும் மெஷின் வந்து விடும். மகன் மாதா மாதம் மாத்திரை வாங்கிக் கொடுத்து விடுவார். மாத்திரை தீர்ந்தது கூட அவருக்குத் தெரியாது.

தோப்பில் வேலை பார்ப்பவருக்கு முதல் மாதம் மாத்திரை நிற்காது. பயம் இருக்கும். இரண்டாவது மாதம் கை லேசாகத் தூக்க வரும். மூன்றாவது மாதம் கம்பு ஊன்றி நடப்பார். அங்கேதான் வினை!

“இப்பம் நல்லாத்தான நடக்குதேன். பொறவு எதுக்கு மாத்திரை?” என்பார். சீட்டு பீரோவுக்கு மேலே போய் விடும்.

100-க்கு 26 பேர்!

உடம்பு நன்றாக இருக்கிறது என்பதற்காக ஆபத்து போய் விடவில்லை. முதல் அடி விழுந்தவர்களைத் தொடர்ந்து கவனித்த பல ஆய்வுகளை 2011-ல் ஒன்றாகச் சேர்த்துக் கணக்குப் பார்த்தார்கள். ஒரு வருடத்துக்குள் 100-க்கு 11 பேருக்கு மறுபடியும் பக்கவாதம் வந்தது. 5 வருடத்துக்குள் 26 பேருக்கு வந்தது. நாலு பேரில் ஒருவர்!

முதல் அடியில் கம்பு ஊன்றி நடந்தவர், இரண்டாவது அடியில் கட்டிலோடு படுத்து விடுகிறார். பேச்சு போய் விடுகிறது. பலருக்கு உயிரே போய் விடுகிறது.

தடுக்க முடியாதா? முடியும். பக்கவாதம் வந்த 6,105 பேரை வைத்து நடத்திய ஒரு பெரிய சோதனையின் முடிவு 2001-ல் வெளிவந்தது. ரத்தக்கொதிப்பைக் குறைக்கும் மாத்திரையால் மட்டுமே அடுத்த பக்கவாதம் 100-க்கு 28 பங்கு குறைந்தது. எல்லா மாத்திரையும் ஒழுங்காகச் சாப்பிட்டு, சாப்பாட்டுக் கட்டுப்பாடும் நடையும் சேர்ந்தால், அடுத்த பக்கவாதம், மாரடைப்பு போன்ற ஆபத்தில் ஐந்தில் நாலு பங்கைத் தடுக்கலாம் என்று 2007-ல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்.

இவை நேற்று வந்த மருந்துகள் அல்ல. ஆஸ்பிரின் 1899-ம் ஆண்டு கடைக்கு வந்தது! விலை உயர்ந்த மருந்தும் அல்ல. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-ல் தொடங்கப்பட்டது. அது மொத்தமாக மருந்து வாங்கி அரசு ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுக்கிறது. அங்கே நோயாளி காசு கொடுக்க வேண்டாம்.

இலவசத்துக்கு விலை ரூ.8,064

அப்படியானால் நிறுத்துவது ஏன்? கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும்.

2025-26-ம் ஆண்டுக்கு தமிழ்நாட்டில் 100 நாள் வேலைக்கு நிர்ணயித்த ஒரு நாள் சம்பளம் 336 ரூபாய். அதையே அளவாக வைத்துக் கொள்வோம். மாத்திரை வாங்க மாதம் ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய கூலி போச்சு. ஒரு கை, ஒரு கால் சரியில்லாதவர் தனியாகப் போக முடியாது. கூட மனைவியோ மகளோ வர வேண்டும். அவர் கூலியும் போச்சு. மாதம் 2 கூலி. வருடத்துக்கு 24 கூலி. மொத்தம் 8,064 ரூபாய்!

பஸ் செலவு இதில் சேரவில்லை. 2021-ம் ஆண்டு மே மாதம் முதல் சாதாரண டவுன் பஸ்சில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. ஆனால் காலை இழுத்துக் கொண்டு படியேறும் ஆண் டிக்கெட் எடுக்க வேண்டும். டீ, சாப்பாடு செலவு வேறு. வரிசையில் நின்று பார்த்தால், “இந்த மாத்திரை இப்பம் இல்ல, அடுத்த வாரம் வாங்க” என்று ஒரு தடவை சொல்லி விட்டாலும் போதும். அடுத்த வாரம் அவர் வர மாட்டார்.

இலவச மாத்திரை என்று நாம் சொல்கிறோம். கூலிக்காரர் வீட்டில் அதற்கு விலை உண்டு. அந்த விலையைக் கொடுக்க முடியாத மாதம் மாத்திரை நிற்கிறது.

பெண்ணுக்கு விழுந்தால்...

வீட்டில் ஆணுக்கு வாதம் வந்தால் மனைவி பார்த்துக் கொள்கிறாள். குளிப்பாட்டுகிறாள், தூக்கி உட்கார வைக்கிறாள், மீதி நேரம் வேலைக்குப் போகிறாள். அதே மனைவிக்கு வந்தால்? மகள் பள்ளிக்கூடத்தை விட்டு நிற்கிறாள். அல்லது கட்டிக் கொடுத்த ஊரில் இருந்து வந்து வந்து போகிறாள். அந்த வீட்டில் மாத்திரையை நினைவுபடுத்தவே ஆள் கிடையாது.

இன்னொரு பக்கம், யாரோ சொன்னார்கள் என்று எண்ணெய்க்கும் லேகியத்துக்கும் கடன் வாங்கிச் செலவழிப்பதும் நடக்கிறது. புறா ரத்தத்தைத் தேய்த்தால் கை ஓடி வரும் என்று புறாவை அறுக்கிறவர்களும் உண்டு. புறா ரத்தம் மூளையில் உள்ள அடைப்பை ஒன்றும் செய்யாது. அந்தக் காசும், அதைவிட முக்கியமாக அந்த நேரமும் வீண். வீட்டில் இருப்பவர்களைக் குறை சொல்லிப் பயன் இல்லை. “சரியாகி விடும்” என்று உறுதியாகச் சொல்கிறவரிடம்தான் ஜனம் போகும். டாக்டர் சொல்வதோ “இன்னொன்று வராமல் தடுக்கலாம்” என்று. வராத ஒன்றுக்கு மாதா மாதம் கூலியை விடுவது எவ்வளவு கஷ்டம்!

80 பேர் வெறுங்கை

ராயகிரி பக்கம் போகும் திருமங்கலம்-கொல்லம் நெடுஞ்சாலையில் தென்காசி, செங்கோட்டை, புனலூர் தாண்டினால் வருகிற ஊர் கொட்டாரக்கரை. அந்த ஊரில் 1952-ல் பிறந்தவர் டாக்டர் சலீம் யூசுப். கனடாவில் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் இருந்து கொண்டு, இந்த மாத்திரைக் கணக்கை உலகத்துக்கே எடுத்துக் காட்டியவர் அவர்தான்.

அவர் தலைமையில் இந்தியா உள்பட 17 நாடுகளில் 628 ஊர்களில், நகரங்களில் 1 லட்சத்து 53 ஆயிரம் பேரிடம் விசாரித்தார்கள். ஏற்கனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள் மாத்திரை சாப்பிடுகிறார்களா என்பதுதான் கேள்வி. முடிவு 2011-ம் ஆண்டு ‘லான்செட்’ மருத்துவப் பத்திரிகையில் வந்தது.

பணக்கார நாடுகளில் ஒரு மாத்திரை கூடச் சாப்பிடாதவர்கள் 100-க்கு 11 பேர். இந்தியா இடம்பெற்ற ஏழை நாடுகள் பட்டியலில் 100-க்கு 80 பேர்! கொழுப்பு மாத்திரையை அங்கே 66 பேர் சாப்பிட்டார்கள். இங்கே 3 பேர்! மொத்தமாகப் பார்த்தால் நகரத்தை விடக் கிராமத்தில் மாத்திரை குறைவு.

இன்னொரு விஷயத்தையும் அந்த ஆய்வு சொன்னது. மாத்திரை சாப்பிடுவதும் சாப்பிடாததும் அந்த ஆளின் வயது, படிப்பு, பழக்கத்தைப் பொறுத்ததை விட, அவர் இருக்கும் நாட்டின் வசதியைப் பொறுத்தே அதிகம் இருந்தது. “அவனுக்கு அக்கறை இல்ல” என்று நோயாளி மேல் பழி போடுகிறவர்களுக்கு இது பதில்.

இங்கிலாந்தில் எல்லோருக்கும் அரசு வைத்தியம் உண்டு. அங்கேயும் 2018-ல் ஒரு கணக்கு வந்தது. மிகவும் ஏழையான பிரிவினருக்கு, வசதியானவர்களை விட 7 வருடம் முன்னதாகவே முதல் பக்கவாதம் வந்து விடுகிறது! உலகம் முழுவதும் 2021-ல் மட்டும் 1 கோடியே 19 லட்சம் பேருக்குப் புதிதாகப் பக்கவாதம் வந்தது. 70 லட்சம் பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஏழை, நடுத்தர நாட்டவர்கள்.

புத்திமதி போதுமா?

“படிப்பறிவு இல்லாததால் மாத்திரையை நிறுத்துகிறார்கள், எடுத்துச் சொன்னால் போதும்” என்று சிலர் சொல்வது உண்டு. இந்தியாவில் அதையும் சோதித்துப் பார்த்து விட்டார்கள்.

லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த நரம்பியல் டாக்டர் ஜெயராஜ் துரை பாண்டியன், 2024-ல் உலகப் பக்கவாத அமைப்பின் தலைவராகப் பொறுப்பேற்றவர். அவர் தலைமையில் நாடு முழுவதும் 31 ஆஸ்பத்திரிகளில், பக்கவாதம் வந்த 4,298 பேரைச் சேர்த்தார்கள். பாதிப் பேருக்கு 12 மொழிகளில் போனில் செய்தி, வீடியோ, கையில் ஒரு புத்தகம் என்று விடாமல் அறிவுரை. மீதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு மட்டும்.

2023-ல் முடிவு வந்தது. அறிவுரை கிடைத்தவர்களில் 100-க்கு 5.5 பேருக்கு மறுபடியும் பக்கவாதம், மாரடைப்பு போன்ற ஆபத்து வந்தது. கிடைக்காதவர்களில் 4.9 பேர். சொல்லும்படியான வித்தியாசம் இல்லை! சோதனையைப் பாதியிலேயே நிறுத்தினார்கள்.

இதற்கு முன்பு 2017-ல் இன்னொரு முடிவு வந்தது. 14 ஆஸ்பத்திரிகளில் 1,250 நோயாளிகள். உடற்பயிற்சி கொடுக்க வீட்டு ஆட்களுக்கே சொல்லிக் கொடுத்துப் பார்த்தார்கள். அதிலும் பெரிய பலன் இல்லை. ஏற்கனவே கூலியையும் தூக்கத்தையும் இழந்த குடும்பத்தின் தலையில் இன்னொரு வேலையை ஏற்றினால் அது எத்தனை நாள் தாங்கும்?

வீடு தேடி வந்தது

தமிழ்நாட்டு நிலவரம் என்ன? 2020-ல் அரசு எடுத்த கணக்கெடுப்பில், ரத்தக்கொதிப்பு உள்ளவர்களில் 100-க்கு 7 பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. மீதி 93 பேருக்கு இல்லை! பக்கவாதத்துக்கு முதல் காரணமே ரத்தக்கொதிப்புதான்.

2021-ம் ஆண்டு ஆகஸ்டு 5-ந் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் “மக்களைத் தேடி மருத்துவம்” திட்டத்தைத் தொடங்கி வைத்தார். ரத்தக்கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகளைப் பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே கொண்டு வந்து கொடுப்பது இந்தத் திட்டம். படுக்கையில் இருப்பவருக்கு வீட்டிலேயே உடற்பயிற்சி கொடுக்கும் ஏற்பாடும் இதில் உண்டு. 2024-ல் இந்தத் திட்டத்துக்கு ஐ.நா. அமைப்பின் விருது கிடைத்தது.

2023-24-ல் மறுபடியும் கணக்கெடுத்தார்கள். ரத்தக்கொதிப்பு கட்டுக்குள் இருப்பவர்கள் 7-ல் இருந்து 17 பேர் ஆனார்கள். நல்ல முன்னேற்றம்தான். ஆனால் இன்னும் 83 பேர் வெளியே நிற்கிறார்கள்.

இந்தத் திட்டத்துக்குப் பலன் ஏன் கிடைக்கிறது? கூலி போகவில்லை, பஸ் செலவு இல்லை, கூட ஆள் வேண்டாம். இலவச மாத்திரைக்கு இருந்த விலை இல்லாமல் போனது. அவ்வளவுதான்!

இரண்டு மாத்திரை எங்கே?

ஆனால் பக்கவாதம் வந்தவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வீடு தேடி வருவது முக்கியமாக ரத்தக்கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகள். டாக்டர் சீட்டில் எழுதிய ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையும், கொழுப்பு மாத்திரையும் கூட வருகிறதா என்று பார்க்க வேண்டும். “வீட்டுக்கே மாத்திரை வருது, எல்லாம் சரியாப் போச்சு” என்று இருந்து விடக் கூடாது. வராவிட்டால் தன்னார்வலரிடம் சீட்டைக் காட்டிக் கேட்கலாம். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம்.

இந்த மாத்திரைகளை எல்லாம் சேர்த்து ஒரே மாத்திரையாகச் செய்யும் முறையும் வந்து விட்டது. 2023-ல் உலக சுகாதார நிறுவனம் அதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. நாலு மாத்திரைக்குப் பதில் ஒரு மாத்திரை என்றால், எழுதப் படிக்கத் தெரியாதவர் கூடத் தடுமாறாமல் சாப்பிடலாம். வீட்டுக்கு வரும் பையில் அது இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

அரசு ஆஸ்பத்திரியில் ஒரு மாத்திரை இல்லை என்று சொன்னால் மாதம் முழுக்க நிறுத்தி விட வேண்டாம். 2025-ம் ஆண்டு பிப்ரவரி 24-ந் தேதி தமிழ்நாடு முழுவதும் 1,000 முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன. அங்கே விலை குறைவு. பெரிய சிகிச்சை தேவைப்பட்டால், வருட வருமானம் 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதல்-அமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. அட்டை இல்லாதவர்கள் அடி விழுவதற்கு முன்பே வாங்கி வைப்பது நல்லது.

உடனே செய்ய வேண்டியது

திடீரென்று வாய் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தூக்க வராவிட்டால், பேச்சு குழறினால் 108-க்குப் போன் செய்ய வேண்டும். 10 நிமிடத்தில் சரியாகி விட்டாலும் போக வேண்டும். அது பெரிய அடிக்கு முன்னோட்டம். அடி விழுந்தது எத்தனை மணிக்கு என்று குறித்து வைத்துக் கொள்ள வேண்டும். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

தண்ணீரோ சோடாவோ வாயில் ஊற்றக் கூடாது. மூச்சுக் குழாய்க்குள் போய் விடும். நெஞ்சுவலிக்குக் கொடுப்பது போல ஆஸ்பிரின் மாத்திரையை வீட்டிலேயே கொடுத்து விடவும் கூடாது. ரத்தக் கசிவாக இருந்தால் அதுவே உயிருக்கு ஆபத்து. ஸ்கேன் எடுத்த பிறகு டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஏற்கனவே ஒரு தடவை வந்து தப்பியவர்கள், நன்றாக நடந்தாலும் மாத்திரையைத் தாங்களாக நிறுத்தக் கூடாது. பீடி, சிகரெட், குடி வேண்டாம். ஊறுகாய், கருவாடு, அப்பளத்தைக் குறைக்க வேண்டும். மாத்திரை தீருவதற்கு 5 நாள் முன்பே அடுத்த மாத மாத்திரைக்குச் சொல்லி விட வேண்டும்.

பீரோ மேல் கிடக்கும் பழைய சீட்டைத் தூக்கிப் போட்டு விட வேண்டாம். அதை எடுத்துக் கொண்டு போனால், விட்ட இடத்தில் இருந்து மாத்திரையை மறுபடியும் தொடங்க முடியும்.